கண்ணு சொருவுது என்று நான் சொன்னேன்

1

பிரான்சில் குடியேறியவர்கள் ஊருக்கு எழுதும்போது இரண்டில் ஒன்றைத்தான் எழுதுகிறார்கள். ஒன்று, இங்கே எல்லாம் ஒழுங்கு, சுத்தம், வைத்தியத்துக்குக் கைக்காசு வேண்டாம் என்பது. இல்லாவிட்டால், நம்ம ஊரைப் போல வருமா என்ற பெருமூச்சு. எனக்கு இரண்டின் மேலும் கோபம் இருக்கிறது. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு நான் போய் இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. அந்தக் கோபத்தை இறக்கி வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. வில்லியனூருக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கு கிராமத்தில் பிறந்தவள். இருபத்தேழு வருடங்களுக்கு முன் ஒரு சொல்தா வீட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். அந்த வீட்டுப் பிள்ளை என்றால் பிரெஞ்சு பாஸ்போர்ட் என்று அர்த்தம். மாப்பிள்ளையின் முகத்தை யாரும் சரியாகப் பார்க்கவில்லை, பாஸ்போர்ட்டைத்தான் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். நல்ல மனிதர். ஆறு வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். எனக்கு ஒரே மகள், சோஃபி. இருபத்துநான்கு வயது. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை.

பாரிசுக்கு வடக்கே, ரயிலில் அரை மணி தூரத்தில், ஒரு பள்ளிக்கூடக் கான்டீனில் நான் தட்டு கழுவுகிறேன், சாப்பாடு பரிமாறுகிறேன். அன்று மதியம் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு தட்டு இரண்டாகத் தெரிந்தது. எது நிஜத் தட்டு என்று தெரியாமல் காற்றைப் பிடித்தேன். இடது கண்ணின் இமை தானாகக் கீழே இறங்கியது. விரலால் தூக்கிவிட்டால் நிற்கும், விட்டால் இறங்கும். கூட வேலை செய்யும் பெண் என் மகளுக்குப் போன் செய்தாள்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் தள்ளுகட்டிலில் ஐந்து மணி நேரம் படுத்துக் கிடந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது தெரியாது. படுத்துக் கிடந்ததில் கண் சரியாகிவிட்டது. டாக்டர் வந்தபோது ஒரே டாக்டராகத்தான் தெரிந்தார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, சோஃபியைப் பார்த்தார். எனக்குப் பிரெஞ்சு தெரியும். கான்டீன் பிரெஞ்சு, அதாவது ஆண்பால் பெண்பால் தப்பும் தவறுமாக. நான் வாயைத் திறந்தேன். "இரு மமோன், நான் பேசுறேன்," என்றாள் சோஃபி. அம்மாவை அவள் பிரெஞ்சில் மமோன் என்றுதான் கூப்பிடுவாள். சரி, படித்தவள் பேசட்டும் என்று அவளிடம் தமிழில் சொன்னேன்.

"வேல செய்யச் செய்ய கண்ணு சொருவுதுடி. எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. சாப்புடறப்ப பாதியிலயே தாடை அசந்து போவுது."

நான் சொன்னது மூன்று வாக்கியம். அவள் டாக்டரிடம் சொன்னது ஒன்று, அதுவும் எனக்குப் பிடிபடாத வேகத்தில். அவர் தலையாட்டி, என் கையைத் தூக்கச் சொன்னார், காலை உதைக்கச் சொன்னார், கண்ணில் வெளிச்சம் அடித்தார். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. மன அழுத்தம் என்றார். பதற்றத்துக்கு ஒரு மாத்திரையும் ஒரு தாளும் கொடுத்து, மேற்கொண்டு உங்கள் குடும்ப டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினார்.

2

என் குடும்ப டாக்டர் அந்த வசந்தத்தில்தான் ஓய்வு பெற்றிருந்தார். வீட்டைச் சுற்றி இருந்த டாக்டர்கள் எல்லோருக்கும் போன் செய்தேன். புது நோயாளிகளை எடுப்பதில்லை என்றார்கள். நரம்பு டாக்டரிடம் கேட்டேன். குடும்ப டாக்டரின் கடிதம் இல்லாமல் வர முடியாது, கடிதம் இருந்தாலும் ஏழு மாதம் கழித்துத்தான் என்றாள் செயலாளர். கடிதம் கொடுக்க டாக்டர் இல்லையே என்றேன். அது தன் வேலை இல்லை என்றாள். அவசரப் பிரிவுக்கே திரும்பப் போன் செய்தேன். ஒன்றை அழுத்தினேன், மூன்றை அழுத்தினேன், இருபது நிமிடம் பாட்டு கேட்டேன். கடைசியில் ஒரு ஆள் வந்து, "உங்கள் கோப்பு மூடப்பட்டது," என்று சொல்லிவிட்டு வைத்தான்.

கோப்பை மூடிவிட்டார்கள். கண் மட்டும் சாயங்காலமானால் தானாக மூடிக்கொண்டது.

அவர்கள் கொடுத்த மாத்திரையைப் போட்டால் இன்னும் மோசமாக இருந்தது. மாடிப்படி ஏற முடியவில்லை. முடியைக் கட்டக் கையைத் தூக்கினால் பாதியில் கை விழுந்தது. சோஃபியிடம் சொன்னேன். "அது மாத்திரை செட் ஆகறதுக்கு டைம் எடுக்கும் மமோன்," என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள், பார்சல் சாப்பாடு வாங்கி வருவாள், போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். நான் மென்று முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அம்மா சாப்பிடும் வேகத்தைக் கவனிக்க வேண்டும் என்று எந்தப் பிள்ளைக்கும் தோன்றாதுதான். இருந்தாலும் எரிச்சலாக இருந்தது.

பள்ளிக்கூடக் கோடை விடுமுறை வந்தது. என் அண்ணன் சவரிமுத்து ஊரில் மேல்மாடி கட்டி முடித்திருந்தான். ஆகஸ்டில் வீடு மந்திரிப்பு, அதாவது பங்குச் சாமியார் வந்து புது வீட்டை ஆசீர்வதிப்பது. நீ இல்லாமல் நடக்காது என்று போன் மேல் போன். போனேன். சோஃபிக்கு வேலை, வரவில்லை. ஆஸ்பத்திரித் தாள்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

3

அண்ணன் வீட்டில் முதல் வாரம் என்னைத் தாங்கினார்கள். காலையில் நான் நன்றாக இருப்பேன். தண்ணீர் எடுப்பேன், மீன் ஆய்வேன், செலின் அண்ணியோடு பேசிக்கொண்டே வெங்காயம் உரிப்பேன். மதியத்துக்கு மேல் இமை இறங்கும். பொழுது சாயும்போது பேச்சு மூக்கால் வரும், வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் சாயங்காலம் இட்லி தொண்டையில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தேன், தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

"பிரான்ஸ்லயே ஒண்ணும் இல்லன்னு சொல்ட்டாங்களாமே?" என்றாள் அண்ணி.

"ஆமா."

"அவனுங்களுக்குத் தெரியாததா?"

வில்லியனூர் மாதா கோயிலுக்குக் கூட்டிப் போனாள், மண்டியிட்டோம். வரும் வழியில் அவள் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் அதை அக்கறை என்று நினைத்தேன்.

அண்ணன் கேட்டான் என்று இரண்டு பாட்டில் ஒயின் வாங்கி வந்திருந்தேன். மந்திரிப்புக்கு முன்பே அதில் ஒன்று திறந்திருந்தது. யார் திறந்தார்களோ. அண்ணனைத் தவிர அந்த வீட்டில் குடிக்கிறவர்கள் யாரும் இல்லை.

மந்திரிப்பு சாயங்காலம் நான்கரைக்கு. சாமியார் வந்தார், புது மாடியில் நாற்காலி போட்டு உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாகூர்ப் பக்கத்திலிருந்து அண்ணியின் வீட்டார், அரியாங்குப்பத்திலிருந்து எங்கள் சித்தப்பா பிள்ளைகள், மொத்தம் அறுபது பேர் இருக்கும். பைபிள் வாசகம் வாசிக்க என்னை எழுப்பினார்கள். காலையிலிருந்து அடுப்படியில் நின்றிருந்தேன். எழுத்து இரண்டு வரிசையாகத் தெரிந்தது. ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வாசித்தேன். நாலாவது வரியில் குரல் மூக்குக்குப் போனது. ஆறாவது வரியில் என் வாயிலிருந்து வந்தது எனக்கே புரியவில்லை. பின்னால் ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு முன் வரிசை வரைக்கும் வந்தது. நான் விடாமல் வாசித்தேன். நிறுத்தினால் இன்னும் அசிங்கம் என்று நினைத்தேன்.

அண்ணன் எழுந்து வந்து புத்தகத்தைப் பிடுங்கி யாரிடமோ கொடுத்தான். என் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனான். அண்ணியும் பின்னாலேயே வந்தாள்.

"எங்க ஊத்திக்கினு வந்த?"

"இன்னாண்ணா சொல்ற?"

"ஒரு வாரமா பாக்கறேன். காத்தால நல்லாத்தான் கீற. பொழுது சாஞ்சா கண்ணு சொக்குது, நாக்கு கொழறுது. ஊரே சொல்லுது, பிரான்சுக்காரி பொழுதானா போட்டுக்கறான்னு. சாமியார் முன்னாடி மானத்த வாங்கற."

"எனக்கு ஒடம்பு சரியில்லண்ணா. சொன்னேன் இல்ல?"

"வாய ஊது."

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவனைப் புதைத்தவள். இருபத்தேழு வருடம் அந்நிய நாட்டில் நின்று வேலை செய்தவள். என் அண்ணி பார்த்துக்கொண்டிருக்க, என் அண்ணனின் மூக்குக்கு நேராக வாயைத் திறந்து ஊதினேன். ஏன் ஊதினேன் என்று இத்தனை மாதமாக யோசிக்கிறேன். செய்யாத குற்றத்தைச் செய்யவில்லை என்று நிரூபித்துவிடலாம் என்ற ஆசைதான்.

அவன் மோந்து பார்த்தான். ஒரு வாசனையும் இல்லை என்று அவன் முகத்திலேயே தெரிந்தது.

"வாசன வராத சரக்கு கெடைக்கும் அங்க," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான்.

4

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் ஷேர் ஆட்டோ பிடித்தேன். எங்கள் கொம்யூன், அதாவது பஞ்சாயத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு வாங்கி, கர்ப்பிணிகளோடும் சர்க்கரை நோயாளிகளோடும் வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு அப்போது வைத்தியம் வேண்டியிருக்கவில்லை. நான் குடிக்கவில்லை என்று ஒரு சர்ட்டிபிகேட் வேண்டியிருந்தது. அதையே கேட்டேன்.

டாக்டர் சின்னப் பெண். சோஃபியை விட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். பாகூர்ப் பக்கத்துப் பேச்சு. நிமிர்ந்து பார்த்தாள்.

"குடிச்சீங்கன்னு யார் சொன்னது?"

எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு இரண்டானதிலிருந்து வாசகம் வரைக்கும். அவள் எழுதவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். என் பேச்சில் குறுக்கே வராமல் கேட்ட முதல் ஆள் அவள்தான். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"காலைல எப்பிடி? சாயங்காலம் எப்பிடி?"

"காத்தால ஒண்ணுமே இல்ல டாக்டர். படுத்து எழுந்தாலும் ஒண்ணுமே இல்ல."

"அங்க ஆஸ்பத்திரில பாக்கறதுக்கு முன்னாடி எவ்ளோ நேரம் படுத்திருந்தீங்க?"

"அஞ்சு மணி நேரம்."

அவள் பேனாவை மூடினாள். "அங்க குடுத்த பேப்பர் இருக்கா?"

கொடுத்தேன். பிரெஞ்சு. "எனக்கு இது தெரியாதும்மா, நீங்களே படிச்சுச் சொல்லுங்க," என்றாள். நான் அதுவரை அந்தத் தாளை முழுசாகப் படித்ததே இல்லை. மன அழுத்தம் என்ற வார்த்தையைப் பார்த்த கோபத்தில் மடித்து வைத்தது. இப்போது வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். நோயாளிக்குப் பிரெஞ்சு தெரியாது என்று இருந்தது. மகள் சொல்வதன்படி, என்று அடுத்த வரி. வேலை நேரத்தில் தூக்கம் வருகிறது, பார்வை மங்கல், பசி குறைவு. கணவர் இறந்துவிட்டார், தனியாக வாழ்கிறார்.

தூக்கம் வருகிறது.

இன்னொரு முறை படித்தேன். கண்ணு சொருவுது என்று நான் சொன்னதை என் மகள் தூக்கம் வருகிறது என்று சொல்லியிருக்கிறாள். ரெண்டு ரெண்டா தெரிந்தது மங்கலாகிவிட்டது. தாடை அசந்து போனது பசியின்மை ஆகிவிட்டது. புருஷன் செத்த கவலையில் தூங்கி வழியும் கிழவி ஒருத்தியை அவர்கள் பரிசோதித்து, சரியான மாத்திரையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கிழவி நான் இல்லை, அவ்வளவுதான்.

"அந்த மாத்திரைய இன்னைலேர்ந்து நிறுத்துங்க," என்றாள் டாக்டர். "காலைல வந்தா எனக்கும் ஒண்ணும் தெரியாது. மதியம் படுக்காதீங்க. வேல செஞ்சிட்டு சாயங்காலம் வாங்க, நான் இருப்பேன். வீட்ல யாரையாச்சும் கூட்டிக்கினு வாங்க."

அண்ணியைக் கூப்பிட்டேன். "டாக்டரே சொல்லட்டும், வா," என்றேன். நான் குடிகாரி என்பது சாட்சியோடு நிரூபணமாகும் என்று நினைத்தோ என்னவோ, வந்தாள்.

ஐந்து மணிக்கு இடது இமை பாதிக் கண்ணை மறைத்திருந்தது. டாக்டர் என்னைக் கூரையைப் பார்க்கச் சொன்னாள். கண்ணைச் சிமிட்டாமல் ஒரு நிமிடம். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மின்விசிறி மறைந்தது. இமை முழுதாக விழுந்துவிட்டது. என் போனை வாங்கி ஒரு படம் எடுத்தாள். பிறகு நர்சிடம், தடுப்பூசிப் பெட்டியில் வைக்கும் ஐஸ் பொட்டலம் ஒன்று கொண்டுவரச் சொன்னாள். துணியில் சுற்றி, மூடிய கண்மேல் வைத்தாள். அண்ணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

இரண்டு நிமிடம்.

"எடுங்க. இப்ப தொறங்கம்மா."

திறந்தேன். கண் முழுசாகத் திறந்தது. அண்ணி ஒருத்தியாகத் தெரிந்தாள். வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

டாக்டர் இரண்டாவது படத்தையும் எடுத்துவிட்டு, அண்ணியைப் பார்த்துப் பேசினாள். "குடிச்சிருந்தா ஐஸ் வெச்சா தெளியாதும்மா. இது நரம்பும் தசையும் சேர்ற எடத்துல வர்ற நோய். வேல செய்யச் செய்ய தசை ஓஞ்சிடும், ரெஸ்ட் எடுத்தா திரும்ப வரும். முழுங்கறதுல வந்துடிச்சி. மூச்சு விடறதுலயும் வந்தா ஆபத்து. நாளைக்கே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போணும். எழுதித் தரேன்."

எழுதும்போது அந்த நோயின் பெயரைச் சொன்னாள். மயஸ்தீனியா. அவ்வளவு நாளாகப் பெயரில்லாமல் என் மேல் உட்கார்ந்திருந்ததற்கு ஒரு பெயர். நான் அங்கேயே அழுதேன். நிம்மதியில் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

5

சுகாதார நிலையத்து வாசலிலேயே நின்று சோஃபிக்குப் போன் செய்தேன். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம்.

"கண்ணு சொருவுதுன்னா இன்னாடி அர்த்தம்?"

"இன்னா மமோன், திடீர்னு?"

"சொல்லு."

"தூக்கம் வருது. கண்ணு அப்பிடியே மூடிக்கும். நீதான சொல்லுவ, நான் சின்னப் புள்ளையா இருக்கசொல்ல, ஸ்கூல் போய்ட்டு வந்து சோஃபால கண்ணு சொருவுது பார், போய் படுன்னு."

உண்மைதான். நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

"ரெண்டா தெரியுதுன்னு சொன்னனே. அது எங்க போச்சு?"

"நீ சொன்னத தான் சொன்னேன்."

"நீ மூணு சொன்னதுக்கு ஒண்ணு சொன்ன. நான் கேட்டுக்கினுதான் இருந்தேன்."

அந்தப் பக்கம் முள்கரண்டி தட்டில் படும் சத்தம் நின்றது. "அப்ப நீயே பேசியிருக்கலாம்ல?" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு படங்களையும் அவனிடம் காட்டினேன். விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தான். டாக்டர் சொன்னதை அண்ணி சொன்னாள். அவளே ஐஸ் வைத்ததைச் சொன்னாள்.

"அப்ப நோவுதான்," என்றான்.

"ஆமா."

"மொதல்லயே சொல்லிருக்கலாம்ல."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று கொல்லைக்குப் போனான். பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதுதான். ஆனால் இருட்டும் வரை அவன் திரும்பவில்லை. மறுநாள் டவுன் ஆஸ்பத்திரிக்கு அவன்தான் பைக்கில் கூட்டிப் போனான், மூன்று நாளும் வெளியே காத்திருந்தான், வேளைக்கு இளநீர் வாங்கி வந்தான். அந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ரத்தப் பரிசோதனையில் நோய் உறுதியானது. மார்பு ஸ்கேனில் நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு சுரப்பி வீங்கியிருந்தது தெரிந்தது. அதை எடுக்க வேண்டும் என்றார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். முதல் மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்தில் ஒரு பரோட்டாவை முழுசாக மென்று விழுங்கினேன்.

6

பிரான்சுக்குத் திரும்பி வந்து அந்தக் காகிதங்களை நரம்பு டாக்டரின் செயலாளர் முன்னால் மேசையில் வைத்தேன். ஏழு மாதக் காத்திருப்பு ஒன்பது நாளாகச் சுருங்கியது. குளிர்காலத்தில் அறுவைசிகிச்சை செய்தார்கள். இப்போது மாத்திரையோடு வேலைக்குப் போகிறேன், பாதி நேரம்தான். முழுசாகக் குணமாகும் என்று யாரும் சொல்லவில்லை.

அவசரப் பிரிவுக்குப் புகார் எழுதினேன். நானே எழுதினேன், ஆண்பால் பெண்பால் தப்போடு. தங்களுக்கு அப்படித் தோன்றியதற்கு வருந்துகிறோம் என்று பதில் வந்தது. நடந்ததற்கு அல்ல, எனக்குத் தோன்றியதற்கு. கிறிஸ்துமசுக்கு அண்ணன் போன் செய்தான். பிரான்சில் கண்டுபிடிக்காததை நம்ம கொம்யூன் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். "வேற எதனா சொல்லணுமா?" என்று கேட்டேன். "இந்தா, அண்ணி பேசறா," என்று கொடுத்துவிட்டான். இந்த வருடம் நான் ஊருக்கு டிக்கெட் போடவில்லை.

போன வாரம் நரம்பு டாக்டரிடம் போனேன். சோஃபி விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தாள். என் பெயரைக் கூப்பிட்டதும் அவளும் எழுந்தாள். "நீ இங்க உக்காரு," என்றேன். உட்கார்ந்தாள். உள்ளே அரை மணி நேரம் நானே பேசினேன். புரியாத இடத்தில் டாக்டர் திருப்பிக் கேட்டார், திருப்பிச் சொன்னேன். எதுவும் இடிந்து விழவில்லை.

வெளியே பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றோம். தூறல்.

"மாமா உன்கிட்ட பார்தோன் கேட்டாரா?" என்றாள்.

"இல்ல."

பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே, "நானும் கேக்கல, இல்ல?" என்றாள்.

"நீயும் கேக்கல."

"பார்தோன், மமோன்."

மெட்ரோவில் காலை மிதித்தவர்கள் எல்லோரும் எனக்குத் தினம் சொல்கிற வார்த்தை. "தமிழ்ல சொல்லு," என்றேன். கொஞ்சம் கொடூரமாகத்தான் சொன்னேன்.

அவள் யோசித்தாள். உப்பு, புளி, மாத்திரை, போதும், வா, சனியனே, எல்லாம் அவளுக்குத் தெரியும். இது தெரியவில்லை. "தமிழ்ல எப்பிடிச் சொல்லுவாங்க?" என்று கேட்டாள்.

வாயைத் திறந்தேன். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இருக்கிறது. பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், பத்திரிகையில் படித்திருக்கிறேன். ஆனால் ஒரு வீட்டுக்குள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, அதை எப்படிச் சொல்வார்கள்? என் அப்பா என் அம்மாவிடம் சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணன் சொன்னதில்லை, என் கணவர் சொன்னதில்லை. இந்தப் பெண்ணை வளர்த்த இத்தனை வருடத்தில் நானும் ஒருதரம்கூட அவளிடம் சொன்னதில்லை.

"எனக்கும் தெரியல," என்றேன்.